ஏற்காடு வீட்டுல தரைக்கு அடியில ஹீட்டிங் போடலாமா? அப்பா அம்மா ரூமுக்கு மட்டும்

நாகலூர்_மிளகு

எல்லாருக்கும் வணக்கங்க. நான் இருக்கறது சேலம் அஸ்தம்பட்டி. அப்பா அம்மா ரெண்டு பேரும் ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்க பழைய வீட்டுலதான் இருக்காங்க. கீழ வந்துடுங்கன்னா கேக்க மாட்டாங்க, அப்பாவுக்கு மிளகுக் கொடிய ஒரு சுத்து பாத்துட்டு வந்தாதான் காப்பியே இறங்கும்.

பிரச்சனை தரைதாங்க. கார்த்திகை பொறந்ததுல இருந்து தை கடைசி வரைக்கும் தரையில கால் வைக்க முடியல. போன மார்கழியில ஒரு வாரம் போய் தங்கினேன், காலைல 5 மணிக்கு அம்மா எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போறாங்க, ரெண்டு ஜோடி சாக்ஸ் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு அதுக்கு மேல ரப்பர் செருப்பு, அப்பிடி இருந்தும் பாதத்த முழுசா ஊனாம ஓரத்துலயே நடக்கறாங்க. ரூமுல இருந்த தெர்மாமீட்டர் 14 காட்டுச்சு. அத பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. அவங்களுக்கு 71 வயசு, அப்பாவுக்கு 76, அப்பாவுக்கு சுகர் வேற, பாதம் ரெண்டும் மரத்துப்போன மாதிரி இருக்குங்கறார்.

வீடு 80கள்ல கட்டினது. மேல மங்களூர் ஓடு, சீலிங் கிடையாது. தரை முதல்ல ரெட் ஆக்சைடு, 12 வருசம் முன்னாடி அது மேலயே விட்ரிஃபைடு டைல் ஒட்டினோம், அந்த டைல் வந்ததுக்கு அப்புறம்தான் குளிர் ஜாஸ்தின்னு அம்மா சொல்றாங்க. ரூம் ஹீட்டர் வாங்கிக் குடுத்தேன், மூஞ்சி எரியுது கால் ஜில்லுன்னே இருக்குன்னு மூலைல வச்சுட்டாங்க. ராத்திரி குமுட்டியில கரி போட்டு கொஞ்ச நேரம் ரூமுக்குள்ள வச்சுக்கறாங்க, அது பழைய பழக்கம்.

வெளிநாட்டுல தரைக்கு அடியில ஒயரு இல்லன்னா சுடுதண்ணி பைப்பு ஓட்டி தரையவே சூடு பண்றாங்கன்னு படிச்சேன். அவங்க பெட்ரூம் 12க்கு 14 அடி, ஒட்டி ஒரு பாத்ரூம். இந்த ரெண்டுக்கு மட்டும் போட்டா போதும். ஒயரா பைப்பா எது நல்லது, டைல உடைக்கணுமா, கரண்ட் பில் எவ்வளவு ஏறும், நம்ம ஊரு கொத்தனாருங்க இத செஞ்சுருவாங்களா? செலவப் பத்தி பரவால்ல, ஆனா ஒரு தடவ போட்டா ஒழுங்கா இருக்கணும். அடுத்த ஐப்பசிக்குள்ள முடிக்கணும்னு இருக்கேன்.

வார்டு_அக்கா

தம்பி, மத்தத அப்புறம் பேசலாம், மொதல்ல இன்னைக்கே வீட்டுக்கு போன் போட்டு அந்த குமுட்டிய ரூமுக்குள்ள வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. குளிருக்கு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு கரி எரிச்சா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு வாசனையும் கிடையாது புகையும் தெரியாது. தூங்கறவங்களுக்கு முழிப்பே வராது. கரி கனிஞ்சு புகை நின்னப்புறம் உள்ள கொண்டு போறோம், அதனால ஆபத்தில்லன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, கனிஞ்ச கரிதான் அந்த வாயுவ சத்தமில்லாம விட்டுக்கிட்டே இருக்கும். காலைல எந்திரிக்கறப்ப தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு எப்பவாவது சொல்லியிருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க. நான் 20 வருசத்துக்கு மேல நர்ஸா இருக்கேன், இத லேசா எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணு, அப்பா பாதம் மரத்துப்போயிருக்குன்னு சொன்னீங்களே, அவருக்கு சூடு தெரியாது. ஹாட் வாட்டர் பேக், ஹீட்டர் முன்னாடி கால நீட்டி உக்கார்றது, ரெண்டும் கூடாது. கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும், சுகர் காலுல அந்தப் புண்ணு ஆற எத்தன நாள் ஆகும்னு எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் தெரியும். தரை சூடு போட்டா அது எத்தன டிகிரிக்கு மேல போகாதுன்னு பூட்டி வைக்க வழி இருக்கான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, அது ரொம்ப முக்கியம்.

சேர்வராயன்_சிவில்

சார், நான் ஏற்காட்டுல 15 வருசமா வீட்டு வேலை எடுத்து செய்யறேன். ஹீட்டிங் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். நம்ம மலைல குளிரவிட ஈரம்தான் எதிரி. ஊட்டி மாதிரி உறைபனி அடிக்கற எடம் இல்ல இது, 5000 அடிக்குக் கொஞ்சம் கம்மியான உயரம், ஆனா மூடுபனி ஏறி வந்து நாள் கணக்கா நிக்கும். பழைய வீடுங்கள்ல தரைக்கு அடியில பாலித்தீன் ஷீட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, செம்மண்ணு மேல ஜல்லி, அது மேல கான்கிரீட்டு, அவ்வளவுதான். மேட்டுப் பக்கத்துல இருந்து எறங்கற தண்ணி நேரா வீட்டு அடிக்குத்தான் வரும். ஈரமான கான்கிரீட்டு சூட்ட உறிஞ்சி மண்ணுக்குள்ள எறக்கிடும். அது மேல ஹீட்டிங் போட்டீங்கன்னா நீங்க சூடு பண்றது ஏற்காடு மலைய, ரூம இல்ல.

ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க. ஒரு டைல எடுத்துட்டு, அடியில இருக்கற தரை மேல ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் ஷீட்ட விரிச்சு நாலு பக்கமும் டேப்பு ஒட்டி ஒரு நா முழுக்க விடுங்க. ஷீட்டுக்கு அடியில முத்து முத்தா தண்ணி நின்னா கீழ இருந்து ஈரம் ஏறுது. ஷீட்டுக்கு மேல மட்டும் வேர்த்தா அது காத்துல இருக்கற ஈரம், தரை ஜில்லுன்னு இருக்கறதால படியுது, தரைய சூடு பண்ணாலே அது போயிரும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

கீழ இருந்துதான்னா மொதல்ல மேட்டுப்பக்க சுவர ஒட்டி ஒரு கால்வா வெட்டி, ஓட்ட போட்ட பைப்ப போட்டு ஜல்லி ரொப்பி, தண்ணிய வீட்ட சுத்தி பள்ளத்துக்கு இறக்கி விடுங்க. இத செய்யாம உள்ள என்ன பூசினாலும் ரெண்டு மழைக்கு நிக்காது. கூரையையும் பாருங்க, ஓட்டுக்கு அடில சீலிங் இல்லன்னா சூடு நேரா மேல போயி ஓட்டு சந்துல வெளிய போயிரும், அந்த ஒரு ரூமுக்காவது சீலிங் அடிச்சு மேல ராக்வூல், அதாவது சூட்ட தடுக்கற கல் பஞ்சு வையுங்க.

டைல் வந்தப்புறம் குளிர் ஜாஸ்தின்னு அம்மா சொன்னது நிஜம்தான். டைலும் தரையும் ஒரே 14 டிகிரிதான் இருக்கும், ஆனா விட்ரிஃபைடு, கிரானைட்டு இதெல்லாம் பாதத்து சூட்ட சட்டுனு இழுத்துக்கும், மரமோ ஜமக்காளமோ இழுக்காது. அதனால இந்த வருசத்துக்கு கட்டில்ல இருந்து பாத்ரூம் வாசல் வரைக்கும் ரெண்டு பவானி ஜமக்காளம் விரிச்சு வையுங்க, அடியில வழுக்காத ரப்பர் மேட் கண்டிப்பா வேணும், வயசானவங்க தடுக்கிடக் கூடாது.

செம்மடுவு_வீடு

அண்ணா, நான் போட்டிருக்கேன், ரெண்டு எடத்துல, பாத்ரூமும் எங்க ஆச்சி ரூமும். மூணு குளிர்காலம் பாத்தாச்சு. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ரெண்டு ரூமுக்குன்னா ஒயர் மேட்டுதான். சுடுதண்ணி பைப்புன்னா மேல ரெண்டு மூணு இஞ்ச் கான்கிரீட் போடணும், பம்ப்பு, வால்வு, தண்ணி காய வைக்க தனி மெஷினு, பழைய வீட்டுல ஒரு ரூமுக்கு இது தாங்காது. ஒயர் மேட்டு கொசுவல மாதிரி ஒரு வலைல மெல்லிசு கேபிள வளைச்சு வளைச்சு ஒட்டியிருப்பாங்க, சுருட்டித்தான் வரும், 3, 4 மில்லிமீட்டர் கனம், டைல் ஒட்டற பேஸ்ட்டோட பேஸ்ட்டா போயிரும். சதுர மீட்டருக்கு 150 வாட்டு வாங்குங்க. லேமினேட்டுக்கு அடில போடற கார்பன் ஃபிலிம் ஒண்ணு இருக்கு, விலை கம்மின்னு கடைல காட்டுவாங்க, அது டைலுக்கும் பாத்ரூமுக்கும் ஆகாது.

டைல உடைக்கணும்னு அவசியமில்ல. ஒரு ரூபா காசால ஒவ்வொரு டைலா தட்டிப் பாருங்க, பொத்துன்னு சத்தம் வர்றத எடுத்துட்டு ரொப்புங்க, மத்தது அப்பிடியே இருக்கட்டும். அது மேல எக்ஸ்பிஎஸ் போர்டு, அதாவது சூடு கீழ இறங்காம தடுக்கற ஃபோம் பலகை, 10 மில்லி ஒட்டுங்க. தயவுசெஞ்சு இத விடாதீங்க, நான் பாத்ரூமுல இது இல்லாம போட்டேன், தரை சூடாக ஒன்றரை மணி நேரம் ஆகுது, ஆச்சி ரூமுல போர்டு போட்டேன், அரை மணில கால் வைக்கலாம். போர்டு, மேட்டு, பேஸ்ட்டு, புது டைலு எல்லாம் சேத்து ஒண்ணேகால் இஞ்ச் மேல ஏறும், அதனால கதவ கழட்டி அடிய சீவணும், பாத்ரூம் வாசல்ல ஒரு சின்ன படி மாதிரி வரும், அங்க சரிவா முடிக்க சொல்லுங்க. பேஸ்ட்டு சாதா சிமெண்ட் கூடாது, வளைஞ்சு குடுக்கற அடிசிவ்னு கேட்டு வாங்குங்க, சூடாகி ஆறி சூடாகி ஆறி சாதா சிமெண்டு விட்டுரும்.

இப்ப நான் பட்ட அடி. பாத்ரூமுக்கு வந்த மேட்டு இரண்டரை சதுர மீட்டர், 375 வாட்டு, சுருள பிரிக்கறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சேன், 141 ஓம் காட்டுச்சு, சரியான கணக்கு. விரிச்சப்புறமும் 141. டைல் வேலை நடக்கறப்ப நான் டீ வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு வச்சா மீட்டர்ல ஒண்ணுமே இல்ல, ஓப்பன். டைல்ஸ்காரரு பேஸ்ட் அதிகமாயிடுச்சுன்னு கரண்டி முனையால சுரண்டியிருக்காரு, கேபிளு அறுந்துடுச்சு. எந்த எடம்னு தெரியல, ஒட்டின 11 டைலையும் ஈரத்தோட எடுத்து பாத்தா ஏழாவது டைலுக்கு அடில ஒரு மயிரிழை அளவு வெட்டு. நல்லவேளை பேஸ்ட்டு காயல. காஞ்சிருந்தா அவ்வளவும் போச்சு. அதனால ஆச்சி ரூமுல ரெண்டு முனையையும் மீட்டர்ல மாட்டி கண் முன்னாடி வச்சுட்டேன், நாலு டைலுக்கு ஒரு தடவ எட்டிப் பாத்தோம். உங்க ரூமுக்கு கட்டிலு பீரோ எடம் போக 100 சதுர அடி வருமா, அப்ப ஏறக்குறைய 1400 வாட்டு, மீட்டர்ல 38 ஓம் கிட்ட காட்டணும். எழுதி வச்சுக்கங்க. கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி எலக்ட்ரீசியன மெகர் (கரண்ட் கசியுதான்னு பாக்கற மீட்டர்) வச்சும் பாக்க சொல்லுங்க.

வலைய எங்க வேணா வெட்டி திருப்பலாம், கேபிள மட்டும் வெட்டவே கூடாது, நீளம் மிச்சமாச்சுன்னு ஒரு சாண் கூட. ஒண்ணு மேல ஒண்ணும் ஏறக் கூடாது. தரை சென்சாரு ரெண்டு கேபிளுக்கு நடுவுல, ஒரு சின்ன பைப்புக்குள்ள விட்டு முனைய அடைச்சு வையுங்க, பின்னாடி கெட்டுப்போனா உருவி மாத்திக்கலாம். தனி லைன், 2.5 சதுர மில்லி ஒயரு, 16 ஆம்ப் எம்சிபி, கரண்ட் கசிஞ்சா ட்ரிப் ஆகற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, மேட்டு கேபிள சுத்தியிருக்கற ஷீல்டு எர்த்துல சேரணும். பாத்ரூம்ங்கறதால இதுல எந்த சமாதானமும் வேண்டாம். ஒட்டின கையோட போட்டுப் பாக்கணும்னு ஆசை வரும், பேஸ்ட் காயற வரைக்கும், ஒரு வாரத்துக்குக் குறையாம, ஸ்விட்ச தொடாதீங்க, எந்த பேஸ்ட்டுக்கு எத்தன நாள்னு பையிலயே போட்டிருப்பாங்க.

வார்டு அக்கா கேட்டதுக்கு, பூட்ட முடியும்க்கா. தெர்மோஸ்டாட்டுல, அதாவது சூட்ட பாத்து ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்சுல, தரைக்கு மேல் எல்லை வச்சு லாக் பண்ணலாம். வெளிநாட்டு விதியில மனுசங்க பொழங்கற ரூமுக்கு 29 டிகிரி, பாத்ரூமுக்கு 33ன்னு எல்லை. நான் ஆச்சிக்கு 26தான் வச்சிருக்கேன். தொட்டுப் பாத்தா சூடுன்னே தெரியாது, ஜில்லுப்பு இல்ல, அவ்வளவுதான், அதுவே போதும்.

பில்லு. 1400 வாட்டு, காலைல ரெண்டு மணி நேரம் சாயங்காலம் மூணு மணி நேரம், சூடானப்புறம் பாதி நேரம் தானா ஆஃப் ஆகிக்கும், ஒரு நாளைக்கு 4ல இருந்து 5 யூனிட்டு. ரெண்டு மாசத்துக்கு 240, 300 யூனிட்டு கூடும். உங்க வீட்டுல இப்ப 250 ஓடுதுன்னா 500ஐ தாண்ட வாய்ப்பிருக்கு, தாண்டினா கீழ இருக்கற யூனிட்டுக்கும் சேத்து ரேட்டு மாறிடும், அங்கதான் பில்லு அடிக்கும். ரெண்டு மாச ரீடிங் நடுவுல ஒரு தடவ மீட்டர பாத்து வச்சுக்கங்க. அப்புறம் நம்ம மலைல சாயங்காலம் வோல்டேஜ் எறங்கும் இல்ல, 230 வரவேண்டிய எடத்துல 200 வந்தா சூடு முக்கால் பங்குதான் வரும், மெஷின் கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேண்டாம். இன்வெர்ட்டர்ல மட்டும் இத மாட்டிடாதீங்க.

சியோல்_சேலத்தான்

நான் அழகாபுரம், வேலைக்காக கொரியாவுல இருக்கேன். இங்க எல்லா வீட்டுலயும் தரைலதான் சூடு, ஒண்டோல்னு சொல்வாங்க. பழைய காலத்துல சமையக்கட்டு அடுப்புப் புகைய தரைக்கு அடியில கல்லு சந்து வழியா விட்டு மறுபக்கம் புகைபோக்கில எடுப்பாங்க, இப்ப பாய்லர் தண்ணி பைப்புல ஓடுது. நம்மள மாதிரியே இவங்களும் செருப்ப வாசல்ல விட்டுட்டு தரைல உக்காந்து சாப்புட்டு தரைலயே படுக்கறவங்க, மொத குளிர்ல வெளிய மைனஸ் 10, உள்ள வந்து தரைல கால் வச்சப்ப எங்க பாட்டி வீட்டு வெயில் திண்ணை ஞாபகம் வந்துச்சு.

ஒயர்தான் உங்களுக்கு சரி, செம்மடுவு நண்பர் சொன்னதுல மாத்தமே இல்ல. ஆனா புதுசா மலைல வீடு கட்டறவங்க யாராவது இத படிச்சா அவங்களுக்காக சொல்றேன், முழு வீட்டுக்கும்னா பைப்ப யோசிங்க. 16 மில்லி பெக்ஸ் பைப்பு (சூடு தாங்கற பிளாஸ்டிக் பைப்பு), 15, 20 சென்டிமீட்டர் இடைவெளி, ஒரு சுத்து 100 மீட்டருக்கு மேல போகக் கூடாது, தரைக்குள்ள ஒரு ஜாயிண்டு கூட வேண்டாம், கான்கிரீட் ஊத்தறப்ப பைப்புல பிரஷர் ஏத்தி வச்சு ஊத்தணும், குத்து விழுந்தா உடனே பிரஷர் மீட்டர் முள்ளு எறங்கிக் காட்டிக் குடுக்கும். தண்ணி 35, 40 டிகிரி இருந்தாலே போதும்ங்கறதால ஹீட் பம்ப்பு, அதாவது வெளிக் காத்துல இருக்கற சூட்ட இழுத்து தண்ணிக்கு ஏத்தற மெஷின், நல்லா ஒத்துவரும், ஏற்காட்டுல குளிர்னாலும் பத்து, பன்னெண்டு டிகிரிதான், அதுல அந்த மெஷின் ஒரு யூனிட்டு கரண்ட் தின்னுட்டு மூணு யூனிட்டுக்கு மேலயே சூடு குடுக்கும். சோலார் தண்ணிய நம்பாதீங்க, எப்ப சூடு வேணுமோ அப்ப மூடுபனில சூரியன் இருக்காது.

நாகலூர்_மிளகு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா, குமுட்டி அன்னைக்கு ராத்திரியே வெளித் திண்ணைக்குப் போயிடுச்சு. காலைல தலை பாரமா இருக்கும்னு அம்மா சொன்னாங்க, குளிருக்குன்னு நினைச்சிருக்காங்க. கேட்டதுல இருந்து எனக்கு கை நடுங்குது. நீங்க சொல்லலன்னா நான் அத கண்டுக்கவே மாட்டேன்.

போன ஞாயிறு மலைக்குப் போய் பாலித்தீன் டெஸ்ட் பண்ணேன். ரெண்டு எடத்துல ஒட்டினேன். கட்டில் பக்கம் மேலதான் வேர்த்திருந்துச்சு, அடி காஞ்சிருந்துச்சு. மேட்டுப்பக்க சுவர் ஓரமா ஒட்டினதுல அடியில நல்லா தண்ணி, விரல் வச்சு இழுத்தா கோடு விழுது. ஆக அந்தப் பக்கம் கால்வா வெட்டறது முதல் வேலை, மழைக்கு முன்னாடி முடிச்சுட்டு ஒரு மழை பாத்துட்டு மறுபடி டெஸ்ட் பண்ணி அப்புறம் ஒயர் மேட்டு வாங்கலாம்னு இருக்கேன். சீலிங்கும் அதோட. இந்த மார்கழி தாண்டினாலும் பரவால்ல.

ஒரே ஒரு கேள்வி. அம்மா கட்டில்ல படுக்க மாட்டாங்க, தரையில மெத்தை விரிச்சுத்தான் படுக்கறாங்க. தரை சூடாச்சுன்னா இன்னும் சந்தோசமா படுப்பாங்க. அதுல ஏதாவது பிரச்சனை உண்டா?

செம்மடுவு_வீடு

உண்டுண்ணா, நல்லவேளை கேட்டீங்க. மெத்தை விரிச்ச எடத்துல சூடு மேல போக வழியில்லாம அடியிலயே தேங்கும். சென்சார் இருக்கறது வேற எடத்துல, அதுக்கு 26ன்னு தெரியும், மெத்தைக்கு அடில எவ்வளவு ஏறுதுன்னு அதுக்குத் தெரியாது. கேபிளுக்கும் கெடுதல், படுத்திருக்கறவங்களுக்கும் கெடுதல். கொரியாவுல படுக்கறாங்களேன்னா அங்க ஓடறது தண்ணி, தண்ணி எவ்வளவு சூடோ அதுக்கு மேல தரை போகவே போகாது. ஒயரு அப்பிடி இல்ல, அடைச்சு வச்சா ஏறிக்கிட்டே போகும்.

அம்மா எந்த மூலைல மெத்தை போடறாங்கன்னு கேட்டு அந்த 3க்கு 6 அடி எடத்துல மேட்டே போடாதீங்க, கட்டில் பீரோவுக்கு விடற மாதிரி விட்டுருங்க. போர்டு மட்டும் அங்கயும் ஒட்டுங்க, அதுவே ஜில்லுப்ப நிறுத்திடும். மெத்தைல இருந்து எந்திரிச்சு காலு வைக்கற எடத்துல இருந்து பாத்ரூம் வரைக்கும் சூடு இருந்தா போதும். எல்லாத்தையும் தரைல சாக்பீஸ்ல வரைஞ்சு, டேப்பு பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி யாராவது டிரில் போட வந்தா கேபிளு எங்க ஓடுதுன்னு அதுதான் சொல்லும்.

வார்டு_அக்கா

தம்பி, தலை பாரம்னு சொன்னாங்கன்னா குமுட்டிய நிறுத்தின அப்புறம் அது போச்சான்னு ஒரு வாரம் கேட்டுக்கிட்டே இருங்க. போகலன்னா கீழ கூட்டிட்டு வந்து டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்பா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி தினம் ரெண்டு பாதத்தையும் அடி வரைக்கும் அம்மாவ பாக்க சொல்லுங்க, குனிய முடியலன்னா ஒரு சின்ன கண்ணாடிய தரைல வச்சு பாத்தா போதும்.

நாகலூர்_மிளகு

சரிங்கக்கா, இப்பவே போன் பண்றேன். மெத்தை மேட்டுப்பக்க சுவர் ஓரத்துலதான் போடறாங்க, அதாவது ஷீட்டுக்கு அடில தண்ணி நின்ன அதே எடம். எடத்த மாத்த சொல்லி இன்னைக்கே அந்த ஓரத்த காலி பண்ண வைக்கறேன். கால்வா வெட்ட ஆளு புதன்கிழமை வர்றாங்க, வேலை முடிஞ்சதும் போட்டோ போடறேன்.